காட்டில் தோண்டாமல் வளர்த்த கார்த்திகைப் பூ

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் வளவின் மேற்கு வேலியில் இந்த மாரியில் 11 கார்த்திகைப் பூக்கள் பூத்தன. காட்டிலிருந்து கொண்டுவந்த கொடி அல்ல, 2020 புரட்டாசியில் நான் போட்ட விதை. இந்தப் பூவை வீட்டில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவுடன் மண்வெட்டியோடு பற்றைக்குள் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். நானும் ஒருமுறை அப்படி இறங்கியவள்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016 மார்கழி. முத்தையன்கட்டுக்குப் போகும் வழியில் ஈச்சம்பற்றை ஒன்றுக்குள்ளிருந்து கொடி எழும்பி, பக்கத்தில் நின்ற வீரங்கன்றைப் பற்றிப் பிடித்திருந்தது. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பூ மஞ்சளும் சிவப்புமாக விரிந்து நின்றது. இன்னொன்று முழுச் சிவப்பாகிவிட்டிருந்தது. பார்த்துவிட்டு வந்திருக்கலாம். தோண்டினேன். கிழங்கு நான் நினைத்ததைவிட ஆழத்தில் கிடந்தது. கலப்பை போல இரண்டாகப் பிரிந்த கிழங்கு, கை பட்டதும் ஒரு பக்கம் படக்கென்று முறிந்தது. கொண்டுவந்து நட்டேன். பத்து நாளில் கொடி வாடியது, கிழங்கு அழுகியது.

பிறகுதான் விளங்கியது. அந்தக் கிழங்கின் முளை அதன் கவையின் நுனியில்தான் இருக்கிறது. நுனி முறிந்தால் அந்தப் பாதி முளைக்காது. கொடி பூத்து நிற்கும் காலத்தில் பழைய கிழங்கு சுருங்கிக்கொண்டும் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு திரண்டுகொண்டும் இருக்கும். அந்த நேரத்தில் கிளறினால் இரண்டும் போய்விடும். நாம் ஆசைப்படுவதோ பூவைக் கண்ட பிறகுதான். அடுத்த ஆண்டு அதே வழியால் போனபோது அந்தப் பற்றையைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நின்றது அந்த ஒரு கொடி மட்டும்தான். இன்றைக்கும் அந்த வளைவு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

விதை எனக்குக் கற்சிலைமடுவில் இருக்கும் சின்னம்மாவின் வேலியிலிருந்து கிடைத்தது. ஏழு காய்களில் ஒன்றை மட்டும் பறிக்க விட்டார். மற்றவை வேலியடியிலேயே வெடித்துச் சிந்தட்டும் என்றார். காய் காய்ந்து மூன்றாகப் பிளக்கும்போது உள்ளே செக்கச்செவேலென்ற விதைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிவந்த சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் வைத்திருந்தேன். மழைக்கு முன்பு ஒரு நாள் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் இலைமக்கும் கலந்த சட்டியில் 20 விதை போட்டேன். முளைத்தவை 7. முதலாவது ஐந்து வாரத்தில் தலைகாட்டியது, கடைசியானது தைப்பொங்கலுக்குப் பிறகு. ஒன்றும் வரவில்லை என்று சட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

முதலாண்டில் புல் போல இரண்டு மூன்று இலைதான் வந்தது. பங்குனியில் அதுவும் மஞ்சளாகி மறைந்துவிட்டது. செத்துவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் ஊற்ற, மூன்று கன்றுகளை அழுகக் கொடுத்தேன். அம்மாதான் தடுத்தார்: "காட்டில் சித்திரை வெயிலில் யார் அதற்குத் தண்ணீர் வார்க்கிறார்கள்?" அதன் பிறகு வெயிற்காலம் முழுவதும் சட்டியைத் தாழ்வாரத்தில் காயவிட்டேன். முதல் மழையோடு நான்கும் முளைத்தன. அடுத்த ஆண்டு முழங்கால் உயரம் வந்ததும் வேலிக்கு மாற்றினேன். முதல் பூ 2023 கார்த்திகையில். பச்சை மொட்டாகத் தலைகீழாகத் தொங்கியது, விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்து சுவாலை போல எழுந்தன. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளுக்கு நாள் சிவப்பு இறங்கி மஞ்சளை விழுங்கியது. காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பூவைச் சுற்றி எங்கள் மண்ணில் வேறு நினைவுகளும் இருக்கின்றன. அவரவர்க்கு அவரவர் நினைவு. நான் செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து:

அக்கா, நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கிழங்கைப் பற்றி நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கொல்கிசின் என்பது அந்த நஞ்சின் பெயர். அளந்து கொடுத்தால் அதுவே மூட்டுவாத நோய் ஒன்றுக்கு மருந்து. அளவு மீறினால் ஆளையே கொல்லும். அவித்தாலும் போகாது.

என் வேலைக்காலத்தில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வளவில் கிளறிய கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று அவித்துச் சாப்பிட்டிருந்தார். சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியவில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கின. வயிற்றுக்கோளாறு என்று நினைத்து வீட்டில் கைமருந்து கொடுத்துப் பொழுதைக் கழித்துவிட்டார்கள். அவர் பிழைத்தார். இரண்டாவது கிழமையில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. மனைவி அதைப் பார்த்து அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வளர்க்கிறவர்கள் கிழங்குத் தோட்டத்திலிருந்து தள்ளி நடுங்கள். சிவந்த விதை சிறுபிள்ளையின் கண்ணுக்கு இனிப்பு மாதிரித் தெரியும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள், செடியின் ஒரு துண்டையும் எடுத்துப் போங்கள்.

முள்ளியவளையிலிருந்து:

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு கிழமைக்குள் இலையெல்லாம் காணாமல் போனது. கறுத்த உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்கள். மருந்து தெளிக்கத் தெளிகருவியைத் தோளில் மாட்டிவிட்டேன். என் மகள்தான், "அப்பா, இவை வேறு எந்தச் செடியிலும் இல்லையே" என்றாள். உண்மைதான். கத்தரியிலும் மிளகாயிலும் ஒன்றுகூட இல்லை. நஞ்சு நிறைந்த இந்த இலையையே உணவாகக் கொண்ட அந்துப்பூச்சி அது. லில்லிக் குடும்பத்துக்கு நெருங்கிய சில செடிகளைத்தான் அது நாடும். பாதிப் புழுக்களை மட்டும் கையால் எடுத்து விட்டேன். மீதி மண்ணுக்குள் போய்க் கூடு கட்டின. கொடி அந்த ஆண்டு பூக்கவில்லை, ஆனால் மறு ஆண்டு வந்தது. செடி நம் ஊருடையது என்றால் புழுவும் நம் ஊருடையதுதானே.

பரந்தனிலிருந்து:

நாங்கள் 2010 இல் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. வளவு முழுவதும் பற்றை. மழை தொடங்கிக் கொஞ்ச நாளில், முன்பு கிணற்றடி வேலி நின்ற இடத்தில் ஒரு கொடி மேலே வந்தது. அம்மம்மா நட்டது. மேலே எல்லாம் எரிந்தும் இடிந்தும் போன காலத்தில் அது கீழே இருந்திருக்கிறது. துப்புரவாக்க வந்த இயந்திரத்தை அந்த மூலைக்கு மட்டும் போகவிடவில்லை. அம்மம்மா திரும்பி வரவில்லை.

நெடுங்கேணியிலிருந்து:

அக்கா, நான் ஆடு வளர்க்கிறேன். வைக்கலாமா? என் கொடி இரண்டு வருடமாகப் பூக்கிறது, காய் பிடிப்பதே இல்லை. காட்டுக்கரையில் ஒரு கொடி இருக்கிறது, வீதி அகலப்படுத்தும்போது அது போய்விடும் போல. அதையாவது தோண்டலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து:

தம்பி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது நஞ்சுதான். ஆடு எட்டாத இடம் இல்லையென்றால் வைக்காதீர்கள். ஆட்டை இழந்துவிட்டுச் செடியைத் திட்டக்கூடாது.

காய் பிடிக்காததற்குக் காரணம் பூவின் அமைப்பு. சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் வேறு பக்கங்களில் விரிந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சி வந்து சிறகால் தட்டினால்தான் ஒன்று மற்றொன்றைச் சேரும். தமிழ்நாட்டில் வேதாரண்யம், மூலனூர்ப் பக்கங்களில் இதை விதைக்காகவே பந்தலிட்டு வளர்க்கிறார்கள். அங்கே காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவிடுகிறார்கள். நீங்களும் வேறொரு கொடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

வீதிக்கரைக் கொடிக்கு என் பதில் இது. அது ஒதுக்கப்பட்ட காடு என்றால் அனுமதியில்லாமல் எதையும் எடுக்க முடியாது, அதில் பேச்சே இல்லை. இயந்திரம் வருவது நிச்சயமா என்று முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பலமுறை "போய்விடும் போல" என்பதே தோண்டுவதற்கான சாட்டாகிவிடுகிறது. நிச்சயம் என்றால், அனுமதியும் கிடைத்தால், கொடி காய்ந்து மறையும் மாசி, பங்குனிவரை பொறுங்கள். இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பிறகு ஒரு முழம் தள்ளிச் சுற்றிவரக் கிளறி, மண்ணோடு சேர்த்து எடுங்கள். முளை நுனி முறியாமல் படுக்கையாக வைத்து மூடுங்கள். காய் ஏதும் இருந்தால் பாதி விதையை அதே காட்டுக்கரையில், வீதியிலிருந்து தள்ளி, பற்றைக்குள் போட்டுவிட்டு வாருங்கள்.

என்னிடம் இந்த ஆண்டு இரண்டு காய் முற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று வேலியடிக்கு. மற்றதில் பத்து விதை உங்களுக்கு எடுத்துவைக்கிறேன், ஆட்டுக்கு வேலி அடைத்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.