எழுதி வைக்காத இசையைக் கூடியிருந்து பிரித்துப் பார்த்த அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:
பிரான்ஸ் வானொலியில் வேலை செய்த பியேர் ஷேஃபர் 1948இல் பாரிஸின் பத்தின்யோல் ரயில் நிலையத்தில் பதிந்த ஒலிகளை வைத்து ஒரு சிறு படைப்பு செய்தார். அப்போது அவரிடம் காந்த நாடா இல்லை. இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தை ஒரு வட்டமாக இணைத்து, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைத்தார். வாத்தியமும் கிடையாது, ஸ்வரக் குறிப்பும் கிடையாது. அப்படியானதை ஆராய்வதற்குக் காதுதான் முதல் கருவி, அதுவும் பல காதுகள் வேணும்.

சோனிக் விஷுவலைசர் என்ற கணினி மென்பொருளில் அதன் ஒலியின் படத்தைத் திறந்தோம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, நிறத்தில் சத்தத்தின் பலம். பகுதி மாறுகிற இடம் என்று தோன்றுவதில் ஆளாளுக்குத் தனியே கோடு போட்டு, அப்புறம் ஒப்பிட்டோம். பெரிய இடைஞ்சல் என்னவென்றால், கோச்சி (ரயில்) என்று கண்டுகொண்டதும் காது கேட்பதை நிறுத்திவிடுகிறது. எது எழுப்பிய சத்தம் என்பதை விட்டுச் சத்தத்தை மட்டும் கேள் என்றுதான் ஷேஃபரும் பின்னாளில் எழுதினார்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாரான என் மாமாவும் கூட இருந்தார். விசில் வந்ததும், "மனே, இது ஆர்ர வரவு?" என்றார். வடமோடிக் கூத்தில் பாத்திரத்துக்குப் பாத்திரம், களரிக்கு வரும்போது அடிக்கிற வரவுத் தாளம் உண்டல்லவா? விசில்களை வரவாகக் கொண்டே கோடு போட்டார். கணினி படித்த பிள்ளைகள் படத்தில் நிறம் அடர்கிற இடங்களில் போட்டிருந்தார்கள். எனக்கு மாமாவின் பிரிப்புத்தான் சரி. படத்தில் மெல்லிய கோடாகத் தெரிகிற விசிலைக் காது பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

காரைதீவிலிருந்து:
நாங்கள் எடுத்தது கனடாவின் ஹியூ லு கேன் 1955இல் செய்தது. ஒரேயொரு நீர்த்துளியின் சத்தம், வேறொன்றும் இல்லை. நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். வீணை படிக்கும் தங்கச்சி அதை ஸ்வரமாகவே பாடிக்காட்டினாள். துளி விழும்போது நீருக்கடியில் சிக்கும் காற்றுக்குமிழி அதிர்வதால்தான் அவ்வளவு தெளிவான சுருதி.

படத்தைப் பார்த்தபோது இன்னொன்று பிடிபட்டது: மேலே ஏற ஏறத் துளி குறுகுகிறது. வேகம் கூடினால் நேரமும் சுருங்கும்தானே. இரட்டிப்பு வேகத்தில் மேல் ஸட்ஜம், ஒன்றரை மடங்கில் பஞ்சமம். எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் கணக்கிட்டதும் இப்படிப்பட்ட விகிதங்களைத்தான். கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத் தங்கச்சிக்குத் தூக்கமே வரவில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
கல்லடி அண்ணை, எங்களுக்கும் கோடுகள் பொருந்தாமல் போயின. பாதிப் பேர் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தார்கள், அதில் அடி உறுமல் வரவே வராது. ஹெட்ஃபோனில் கேட்ட பிறகு பல கோடுகள் இடம் மாறின. உங்கள் மாமா எதில் கேட்டவர்? ஹெட்ஃபோனிலும் விசிலைத்தான் வரவு என்கிறாரா, கேட்டுச் சொல்லுங்கோ.