காம்ஃபா ஃப்ளவர்ஹார்ன் ஆணோட சேத்த பொட்ட மூணு தடவ முட்ட வச்சும் ஒன்னு கூட பொரிக்கல, கோளாறு தண்ணியிலயா மீன்லயா?

பாளை_தொட்டி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டை, மாடில ஷெட்டு போட்டு நாலு தொட்டி வச்சிருக்கேன், ஃப்ளவர்ஹார்ன் மட்டுந்தான், அதான் நெத்தி பொடச்ச அழகு மீனு. போன தை மாசம் ஒரு ஆணு வாங்குனேன், கடைக்காரர் காம்ஃபாங்குற வகைன்னு சொல்லித்தான் குடுத்தாரு, அஞ்சு இஞ்ச், நெத்தில எலுமிச்சம்பழத்த ஒட்டி வச்ச மாதிரி தல. எங்க ஆச்சி தெனமும் மாடியேறி வந்து "ஏல, இவன் என்னல நம்ம ஊரு பண்ணையாரு கணக்கா பாக்கான்"னு சொல்லிட்டு போவா. பொட்ட எங்கிட்ட முன்னாடியே இருந்த ரெட் டிராகன், அதுவும் ஃப்ளவர்ஹார்ன்ல ஒரு வகைதான். நடுவுல தடுப்பு வச்சு பத்து நாள் பாக்க விட்டுட்டு பொறவுதான் சேத்தேன், இல்லன்னா கடிச்சு கொன்னுருவான், ஒரு தடவ வால் பாதிய பிச்சே எடுத்துட்டான்.

மூணு தடவ முட்ட வச்சாச்சு. மொத தடவ 400க்கு கொறையாது, டைல்ஸ் மேல வரிசையா ஒட்டிக்கிட்டே போறா, இவனும் பின்னாலயே தடவிக்கிட்டு போறான், கண்ணால பாத்தேன். மறுநா சாய்ங்காலம் பூரா வெள்ள, வேகாத ஜவ்வரிசி மாதிரி. அடுத்த தடவ முட்டைல பூஞ்ச புடிக்காம இருக்க மெத்திலீன் ப்ளூ மருந்து விட்டேன், அப்பமும் அதே கததான். மூணாவது தடவ போர் தண்ணிய விட்டுட்டு ஆத்து தண்ணி, அதான் கார்ப்பரேசன் பைப்பு தண்ணி, ரெண்டு நாள் டிரம்ல போட்டு காத்து விட்டு ஊத்துனேன், அதுவும் போச்சு. கடைக்காரர்ட்ட கேட்டா ஒங்க தண்ணி சரியில்ல தம்பிங்காரு. போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) 900, பிஎச் 7.8, சூடு 29. இப்பம் என்ன செய்யட்டும்?

பேட்டை_பம்பு:
டிடிஎஸ் 900ஆ? ஆர்ஓ தண்ணி கலந்து பாருங்க, கடின தண்ணில முட்டத்தோடு இறுகிரும், விந்து உள்ள போவாது.

மேலப்பாளையம்_அண்ணாச்சி:
பம்பு தம்பி, நீங்க சொல்லுதது டிஸ்கஸ் மீனுக்கு, அது அமேசான் மீனு, மெல்லிசு தண்ணி கேக்கும். இது மத்திய அமெரிக்கா மீனு, உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணிதான் அதுக்கு புடிக்கும். நான் 1000த்துக்கு மேல உள்ள போர் தண்ணிலதான் குஞ்சு எடுக்கேன். ஆர்ஓவுக்கு துட்ட கொட்டாதிய.

பாளை தம்பி, ரெண்டே கேள்வி. ஒன்னு, முட்ட வைக்கும்போது ஃபில்டர் ஓடுச்சா? மேல தொங்குத ஃபில்டர் வேகமா ஓடுனா விந்து முட்டைல படுததுக்கு முன்னால இழுத்துட்டு போயிரும், ஸ்பாஞ்சுன்னா ஒன்னும் செய்யாது. ரெண்டு, ஆணுக்கு கண்ணு என்ன நெறம்?

பாளை_தொட்டி:
ஸ்பாஞ்சு ஃபில்டர்தான் அண்ணாச்சி, அதையும் நிப்பாட்டித்தான் வச்சிருந்தேன். கண்ண இப்பம்தான் டார்ச் அடிச்சு பாத்துட்டு வாரேன், வெள்ளையா லேசா மஞ்சள் கலந்து, உள்ள குழிஞ்ச மாதிரி இருக்கு.

மேலப்பாளையம்_அண்ணாச்சி:
அப்பம் தண்ணில கோளாறு இல்ல. மாப்ள மலடு.

சாரல்_தொட்டி_தென்காசி:
அண்ணாச்சி ஒரே வரில முடிச்சிட்டாரு, நான் கொஞ்சம் விரிச்சு சொல்லுதேன் தம்பி. கண்ணு செவப்பா இருந்தா ஜென்ஜூ, அது ஃப்ளவர்ஹார்ன்லயே இன்னொரு வகை, வெள்ளையோ மஞ்சளோ இருந்து குழிஞ்சு நின்னா காம்ஃபா, கடைக்காரர் அந்த மட்டுக்கு பொய் சொல்லல. ஆனா காம்ஃபா ஆணுல நெறைய மலடுங்கதையும் சேத்து சொல்லிருக்கணும். இந்த மீனே காட்டுல கெடையாது, 1990கள்ல மலேசியாக்காரங்க டிரைமாக், ரெட் டெவில்னு மத்திய அமெரிக்க சிக்லிட்டுகள மாத்தி மாத்தி சேத்து உண்டாக்குனது. காம்ஃபா வழில அதுக்கு மேல வியேஜா, ப்ளட் பேரட்டுன்னு இன்னும் தூரத்து சொந்தமெல்லாம் கலந்துட்டாங்க. கோவேறு கழுத கத தெரியும்லா, அதே மாதிரிதான், ஒடம்பு நல்லா வரும் விந்துதான் தேறாது. பொட்டைக்கு இந்த கோளாறு ரொம்ப இல்ல. அதனாலதான் காம்ஃபா குஞ்சு எடுக்குதவங்க பெரும்பாலும் காம்ஃபா பொட்டைக்கு ஜென்ஜூ ஆணு போடுவாங்க. உருப்படியா விந்து உள்ள காம்ஃபா ஆணு யார்ட்டயாவது இருந்தா அத விக்க மாட்டாங்க, வித்தா வெல கேக்கவே முடியாது.

உறுதியா தெரியணும்னா ஒன்னு செய்ங்க, ஒங்க பொட்டைய ஏற்கனவே குஞ்சு எடுத்த ஆணுகிட்ட விட்டு பாருங்க. பொரிச்சா ஒங்க பொட்ட சரி, ஒங்க தண்ணிலயே பொரிச்சா தண்ணியும் சரி. நல்ல முட்டன்னா தேன் நெறத்துல கண்ணாடி மாதிரி நிக்கும், ரெண்டாவது நாள் ரெண்டு கறுப்பு புள்ளி தெரியும், மூணாவது நாள் வாலாட்டிட்டு கெடக்கும், ஒரு வாரத்துல நீந்தும், அப்பந்தான் ஆர்ட்டிமியா, அதான் பொடி எறா குஞ்சு தீனி, போடணும், அதுக்கு முன்னால தீனி போட்டா தண்ணிதான் நாறும்.

பொறவு, வேண்டாத குஞ்ச பொறுக்கி கழிக்குததுல அவசரப்படாதிய. நான் மொத தடவ ஒன்ற இஞ்சுலயே கழிச்சேன், ஒடம்புல முத்து மாதிரி மினுங்குத புள்ளி இல்ல, பூ மாதிரி கறுப்பு வரிசை இல்லன்னு சாம்பல் கலர்ல ஒன்ன பக்கத்து வீட்டு பயலுக்கு சும்மா குடுத்தேன். அது கோல்டன்ங்குற வகையோட வழி, கறுப்பு பூரா உரிஞ்சு ஆறு மாசத்துல மஞ்சளும் செவப்புமா வந்து நிக்கி, அவன் வீட்டு வாசல தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சின்னதுல தலயவும் கலரையும் பாக்காதிய, ஒடம்பு தடி, நேரான முதுகு, ஒழுங்கா மூடுத வாய் இத பாருங்க. சின்னதுலயே தீயா செவப்பா இருந்தா ஹார்மோன் தீனி போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதுவும் குஞ்சு எடுக்க ஆவாது. நல்லா வந்த மகளுக்கு அப்பனையே ஒரு தடவ போடலாம், தல புடிக்கும், அதையே திருப்பி திருப்பி போட்டா கூனும் கோண வாயுமாத்தான் வரும்.

பேட்டை_பம்பு:
நான் டிஸ்கஸ்தான் வளக்கேன், அந்த நெனப்புல சொல்லிட்டேன் 😅

ஆத்தங்கரை_சிலேபி:
எல்லாரும் குஞ்சு வர வழி சொல்லுதிய, வந்தா எங்க வைக்கன்னு யாரும் கேக்கல. 400ல 300 பொரிச்சுதுன்னு வைங்க, ரெண்டு இஞ்சு வந்ததும் ஒன்ன ஒன்னு கடிக்கும், தல வரணும்னா தனித்தனி தொட்டி வேணும். நாலு தொட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்விய? கடைக்காரன் அம்பது எடுப்பான், மிச்சம்? எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ராவோட ராவா தாம்பரவரணில கொண்டு தட்டிட்டு வந்தாரு, பெருமையா வேற சொல்லுதாரு. நம்ம சிலேபியும் இந்த குடும்பந்தான் வே, 1952ல ஆப்பிரிக்கா மீனுன்னு இந்தியாவுக்குள்ள கொண்டு வந்தாங்க, இன்னிக்கு எந்த குளத்துல வலை வீசுனாலும் அதுதான் வருது, கெளுத்தியும் ஆராவும் தேடணும். மலேசியாலயும் சிங்கப்பூர்லயும் இந்த ஃப்ளவர்ஹார்னே ஏரில பெருகி கெடக்கு. வேண்டாத முட்டைய அன்னைக்கே டைல்ஸோட தூக்கி வெளிய வச்சிருங்க, 60 முட்டைக்கு மேல விடாதிய.

பாளை_தொட்டி:
சிலேபி அண்ணாச்சி, மிச்சத்த பத்தி சத்தியமா யோசிக்கவே இல்ல, 60 போதும். ஆச்சிட்ட இவன் மலடுன்னு சொன்னதுக்கு "ஒனக்கென்னல, அவம் பாட்டுக்கு இருக்காம்"னு என்னையதான் ஏசுதா. மேலப்பாளையம் அண்ணாச்சி, ஒங்க ஜென்ஜூ ஆணுகிட்ட ஞாயித்துக்கெழம பொட்டைய கொண்டு வரட்டா?

மேலப்பாளையம்_அண்ணாச்சி:
கொண்டா. பத்து மணிக்கு மேல வா. வெள்ளிக்கெழமையில இருந்து தீனி போடாத, கவர்ல அசிங்கம் பண்ணிரும். ஒங்க தண்ணியும் ஒரு கொடம் எடுத்துட்டு வா, எந்தண்ணில அப்படியே விட வேண்டாம். வால் வளந்துட்டால்லா?

பாளை_தொட்டி:
வளந்துட்டு அண்ணாச்சி, நுனி மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு.