சீசனுக்கு முந்தைய நாக் அவுட் கோப்பையை ஏஎஃப்எல் ஏன் கைவிட்டது?

கேள்வி: தூத்தூர் கரை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தூத்தூர் பக்கத்திலுள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தின் கால்பந்துக் கழகத்தில் பொறுப்பு வகிக்கிறேன். பெரிய போட்டிகள் தொடங்குவதற்கு முன்பாக, மழை ஓய்ந்த கையோடு, அக்கம்பக்கத்து ஊர் அணிகளை அழைத்து நாக் அவுட் முறையில் ஒரு கோப்பைப் போட்டி நடத்துவது எங்கள் வழக்கம். வீரர்களைத் தயார்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்கும் அணி, வேன் வாடகை கொடுத்து வந்து, காலுறையில் ஒட்டிய மணல் காய்வதற்குள் ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. தயாரிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே ஆட்டம் குறைந்துபோகிறது என்ற மனத்தாங்கல் ஆண்டுதோறும் எழுகிறது.

மெல்பர்னில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லிலும் இப்படியொரு கோப்பை பல ஆண்டுகள் நடந்து, பின்னர் நிறுத்தப்பட்டதாகச் சொன்னார். பணமும் மைதானமும் ஒளிபரப்பும் உள்ள ஒரு லீக்கே அதைக் கைவிட்டது என்றால் காரணம் என்னவாக இருக்கும்? தோற்று வெளியேறிய அணிகளுக்கு அவர்கள் என்ன வழி செய்தார்கள்? அந்தப் போட்டியில் புதிய விதிகளைச் சோதித்துப் பார்ப்பார்களாம். அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் கழகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: வடசேரிக்காரன்

நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் படித்த காலத்திலிருந்து இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வருவதால், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பை 1988 முதல் 2013 வரை நடந்தது. விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியதால், அன்செட் கோப்பை, விசார்ட் கோப்பை, என்ஏபி கோப்பை என்று ரசிகர்கள் தங்கள் வயதுக்கேற்ப வெவ்வேறு பெயரில் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கே பிப்ரவரி கடுங்கோடை. முதன்மை சீசன் மார்ச் மாதத்தில்தான் தொடங்கும். ஆகவே அந்த இடைவெளியில் இது நடத்தப்பட்டது. 2000 முதல் சில ஆண்டுகள் நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து ஆடவைத்தார்கள் என்றாலும், நாக் அவுட் முறைதான் நெடுங்காலம் நிலைத்தது. அப்போது லீக்கில் 16 அணிகள் இருந்தமையால், நான்கே சுற்றுகளில் கணக்குப் பிசகாமல் போட்டி முடிந்துவிடும்.

குறை, நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே எட்டு அணிகள் வெளியேறிவிடும். ஆனால் சீசன் தொடங்கும்வரை அவற்றுக்கும் ஆட்டப் பயிற்சி வேண்டும். அதனால் வெளியேறிய அணிகளைப் பெருநகரங்களுக்கு வெளியே, சிற்றூர் மைதானங்களுக்கு அனுப்பிப் பயிற்சி ஆட்டங்கள் ஆடவைத்தார்கள். தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த வீரர்களை அந்த ஊர் மக்கள் வேலியோரம் நின்று பார்க்க முடிந்தது. தோற்றவர்களுக்குக் கொடுத்த இந்த ஏற்பாடுதான் அந்தப் போட்டியின் மிக நல்ல பகுதி என்பது என் துணிபு.

பிறகு 2011இல் கோல்ட் கோஸ்ட் அணியும் 2012இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியும் லீக்கில் சேர்ந்தபோது எண்ணிக்கை 18 ஆனது. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும் முறைக்கு அந்த எண் ஒத்துவரவில்லை. எனவே முதல் சுற்றில் மூன்று அணிகளை ஒரே மைதானத்தில் சேர்த்து, ஒன்றுடன் ஒன்று சுருக்கமான ஆட்டங்களை ஆடச் செய்தார்கள். பயிற்சியாளர்களுக்கு வேண்டியதோ வேறு: முன்னணி வீரர்களுக்குக் காயம்படாமல் ஓய்வு கொடுக்க வேண்டும், இளைஞர்களை ஆடவைத்துப் பார்க்க வேண்டும். வெல்வதற்காக ஆடும் நாக் அவுட்டில் இரண்டையும் மனம்போலச் செய்ய இயலாது. 2014 முதல் கோப்பையே இல்லாமல் வெறும் பயிற்சி ஆட்டங்களாக அது மாறியது.

பதில்: குழித்துறை ஆற்றங்கரை

மேலே எழுதியவர் சொன்னவற்றில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் கோப்பைக்கு மதிப்பே இல்லை என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு ஏற்பட்டுவிடக் கூடாது.

அதை வென்றவர் சீசனிலும் வெல்வார் என்று சொல்ல முடியாது என்பது உண்மை. 2005இல் கார்ல்டன் அணி இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட்டை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அதே ஆண்டு சீசன் முடிந்தபோது கார்ல்டன் பட்டியலில் கடைசி இடத்தில் நின்றது, தோற்ற வெஸ்ட் கோஸ்ட்டோ செப்டம்பரில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் பெரிய இறுதி ஆட்டம் வரை சென்றது. மறுபுறம், 2000இல் எசென்டனும் 2009இல் ஜீலாங்கும் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றிருக்கின்றன.

ஆனால் செயின்ட் கில்டா ரசிகர்களை எண்ணிப் பாருங்கள். அந்த அணி முதன்மைப் பட்டத்தை வென்றது 1966இல் ஒரே ஒரு முறைதான். 1996, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சிறிய கோப்பைதான் அவர்களுக்குக் கிடைத்தது. 1954க்குப் பிறகு பட்டம் காணாதிருந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி 2010இல் இக்கோப்பையை வென்றது; அவர்களுடைய அடுத்த பட்டம் 2016இல்தான் வந்தது. நெடுநாள் வெறுங்கையோடு வீடு திரும்பிய ரசிகனுக்கு இது சின்னக் கோப்பை என்று யார் போய்ச் சொல்வது? இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு, ஹாதார்ன் அணிக்காக 426 ஆட்டங்கள் ஆடிய மைக்கேல் டக்கின் பெயரால் பதக்கமும் வழங்கினார்கள். நம் கடற்கரை ஊர்களிலும் ஒரு சுழற்கோப்பை பங்குக் கூடத்து அலமாரியில் ஓராண்டு இருப்பதன் அருமை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தோற்றவர்களுக்கு ஆட்டம் சேருங்கள். கோப்பையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பதில்: மார்த்தாண்டம் உடற்கல்வி ஆசிரியர்

விதிகளைச் சோதிப்பது பற்றி ஒருவரும் விரிவாகத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு கோலுக்கு 6 புள்ளிகள். குறி சற்றுத் தவறி, பக்கத்துக் கம்பத்துக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே பந்து போனால் 1 புள்ளி. கோலிலிருந்து 50 மீட்டர் தொலைவில் வளைவாக ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்து அடிக்கும் கோலுக்கு 9 புள்ளிகள் என்ற சூப்பர் கோல் விதியை 2003 முதல் இந்தக் கோப்பையில் வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் விரும்பினார்கள் என்றாலும் முதன்மை சீசனுக்குள் அது நுழையவே இல்லை. அதே சமயம், தடுப்பு வீரர்கள் எதிரணிக்கு 1 புள்ளி போனால் போகட்டும் என்று வேண்டுமென்றே பந்தைத் தம் கோல் கோட்டுக்குப் பின்னே தள்ளுவதைத் தடுக்கும் விதி, இந்தக் கோப்பையில் சோதிக்கப்பட்டு, 2009இல் சீசனுக்கும் வந்தது. சோதனை என்றால் சிலவற்றை ஏற்பதும் சிலவற்றைத் தள்ளுவதும்தானே.

ஆனால் தூத்தூர் நண்பரே, பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு கோல் என்று மட்டும் வைத்துவிட வேண்டாம். அங்கே ஓர் அணி 90, 100 புள்ளிகள் சேர்ப்பது இயல்பு என்பதால், மூன்று புள்ளி கூடுதலாகக் கிடைத்தாலும் ஆட்டத்தின் போக்கு கவிழ்ந்துவிடாது. நம் கால்பந்தில் ஒற்றைக் கோலில் முடிவாகும் ஆட்டங்கள் ஏராளம். எல்லாரும் தொலைவிலிருந்தே உதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, வெளியே வந்த வீரர் மீண்டும் உள்ளே செல்லலாம் என்று மாற்று வீரர் விதியைத் தளர்த்துங்கள். ஏஎஃப்எல்லும் இந்தக் கோப்பையில் மாற்று வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் வைத்திருந்தது. வெயிலில் இளம் வீரர்களுக்குக் களத்தில் நேரம் கிடைக்கும். எதுவானாலும் நடுவரிடம் முன்கூட்டியே பேசி, அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மைதானத்தில் வந்து அறிவித்தால் தகராறு நிச்சயம்.

கேள்வி கேட்டவர்: தூத்தூர் கரை

மூவருக்கும் நன்றி. கோப்பை இருக்கட்டும் என்பதிலும், முதல் சுற்றில் தோற்கும் அணிகள் அன்று மாலையே தங்களுக்குள் இன்னோர் ஆட்டம் ஆடலாம் என்பதிலும் எங்கள் கழகத்தார் உடன்படுவார்கள் என்று நம்புகிறேன். அந்த இரண்டாவது ஆட்டத்தை எங்கள் ஊரில் வைக்காமல், மைதானம் இருந்தும் போட்டி நடக்காத பக்கத்துக் கிராமத்துக்குக் கொடுக்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. ஒரே மாலையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவர்கள் கிடைப்பார்களா என்று ஆசிரியர் விசாரித்துச் சொன்னால், அழைப்புக் கடிதத்தை அதற்கேற்ப எழுதுவோம்.