வார்டில் இருக்கும் சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) நோயாளிகளிடம் பீடியை விடச் சொல்லிப் பேசுவது எப்படி?

கேள்வி (செவிலியர், நெஞ்சக நோய்ப் பிரிவு)

ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடிகிறது. "பீடி புடிச்சாத்தாம்மா சளி கழண்டு வருது, காலைல வயிறும் கழியுது" என்கிறார்கள். விடச் சொன்னால் தலையாட்டுகிறார்கள்; டிஸ்சார்ஜ் ஆன வாரமே மறுபடி பற்றவைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பேசுவது?

பதில் 1 (புகையிலை நிறுத்த ஆலோசகர்)

மூச்சு வாங்கும்போது பேசாதீர்கள், காதில் ஏறாது. நெபுலைசரில் (மருந்தைப் புகைபோலாக்கி உள்ளிழுக்கத் தரும் கருவி) தணிந்து, உட்கார்ந்து சாப்பிடும் நாளில் தொடங்குங்கள். முதலில், "ஐயா, எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" அரை மணிக்குள் என்றால் 4 மி.கி. நிக்கோட்டின் கம் (பீடி ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் மருந்து), அதற்குப் பிறகென்றால் 2 மி.கி. டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

கம் பலிக்காமல் போவது பெரும்பாலும் மெல்லும் முறையால். விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும்; காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் உடலில் சேராது. பல்செட் போட்டவருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் தோது.

சளி, வயிறு பற்றி நோயாளிகள் சொல்வதை மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். நிக்கோட்டின் குடலைத் தூண்டும், அதனால் விட்டதும் மலச்சிக்கல் வரும். வெந்நீர், கீரை, வாழைப்பழம், போதாவிட்டால் இசப்கோல் (நார்ச்சத்துத் தூள்). சில வாரம் இருமலும் கூடலாம்: புகையில் முடங்கிய மூச்சுக்குழல் முடியிழைகள் மீண்டும் சளியைத் தள்ளத் தொடங்குகின்றன. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "விட்டதும் மோசமாச்சு" என்று பீடிக்கே திரும்பிவிடுவார்.

பதில் 2 (மருந்தாளுநர்)

தியோஃபிலின் (மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து) மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கட்டாயம் பாருங்கள். புகையின் தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாக வெளியேற்றவைக்கின்றன. புகை நின்ற ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வரும். பீடியை விட்டதால் வந்த கோளாறு என்றே நோயாளி நினைப்பார். டோஸை நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்குக் காரணம் நிக்கோட்டின் அல்ல, ஆகவே கம், பேட்ச் கொடுத்தாலும் இந்த மாற்றம் நடக்கும்.

பதில் 3 (நுரையீரல் மருத்துவர்)

வார்டுப் பேச்சோடு நிறுத்தினால் பலன் சொற்பம். டிஸ்சார்ஜுக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் தொடர்பு இருந்தால்தான் விடுகிறவர்கள் கூடுகிறார்கள். முதல் வாரத்தில் ஏக்கம் கடுமையாக இருக்கும், அப்போதே ஒருமுறை போன் செய்யுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைக்கப்போகிறவர் என்றால் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்: ஆக்சிஜன் ஓடும் அறையில் யார் பீடி பற்றவைத்தாலும் முகம் கருகும் அளவுக்குத் தீப்பிடிக்கும்.