25 கிலோடால்டனில் ஒளிரும் பட்டை என் புரதமா?

வெண்ணாறு (தஞ்சாவூர்):
ஆடுதுறை 43 நெல்லின் ஜீன் ஒன்றை டி7 பிளாஸ்மிடில் (டி7 தொடக்கியோடு ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) வைத்து, முயல் ரெட்டிகுலோசைட் லைசேட்டில் (இளம் சிவப்பணுக்களை உடைத்தெடுத்த, புரதம் செய்யும் சாறு) புரதம் எடுக்கிறேன். 50 மைக்ரோலிட்டர் வினை, பிளாஸ்மிட் 1 மைக்ரோகிராம், போடிபி-லைசின் (பச்சையாக ஒளிரும் சாயம் ஒட்டிய அமினோ அமிலம்) ஏற்றிய டிஆர்என்ஏ (அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து புரதத்தில் சேர்ப்பது) 1 மைக்ரோலிட்டர், 30 டிகிரியில் 90 நிமிஷம். என் புரதம் 24 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 25 பக்கம் பளிச்சென்று ஒரு பட்டை. ஆனால் டிஎன்ஏ போடாத லேனிலும் அதே பட்டை! லூசிஃபெரேஸ் கன்ட்ரோல் (ஒப்பிடப் போடும் தெரிந்த புரதம்) மட்டும் 61-இல் சுத்தமாக வருகிறது. அடியில் வேறு பச்சைப் புகை.

குடமுருட்டி:
அது உங்கள் புரதம் இல்லைங்க. சாயமேற்றிய லைசினை இன்னும் விடாத டிஆர்என்ஏதான் 25 பக்கம் ஓடுகிறது. லூசிஃபெரேஸ் மேலே இருப்பதால் தப்பித்தது, உங்களுடையது சரியாக அதன் அடியில் மாட்டிக்கொண்டது. வினை முடிந்ததும் ஆர்என்ஏஸ் ஏ (ஆர்என்ஏவை வெட்டும் நொதி), கடைசி அளவு மில்லிக்கு 0.2 மில்லிகிராம் வருகிறபடி சேர்த்து, 30 டிகிரியில் 5 நிமிஷம் விடுங்கள். அப்புறம்தான் லோடிங் பஃபர். ஆர்என்ஏஸ் தொட்ட பைப்பெட் லைசேட் பக்கம் வரவே கூடாது.

கொதிக்க வைக்காதீர்கள். 70 டிகிரி, 2-3 நிமிஷம் போதும்; 95-இல் லைசேட் புரதம் திரண்டு கிணற்றிலேயே உட்கார்ந்துவிடும். லேனுக்கு 5 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம், ஹீமோகுளோபின் கூட்டம் லேனையே கோணலாக்கும். அடிப்புகை கழன்ற லைசின்; டை முனையை (முன்னால் ஓடும் நிறக்கோடு) ஜெல்லை விட்டு ஓடவிட்டால் போய்விடும். கூமாசி (எல்லாப் புரதத்துக்கும் ஏறும் நீலச் சாயம்) போடுமுன் ஸ்கேன் எடுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):
சாயம் லைசினில்தான் ஏறுகிறது; அதனால் சீக்வென்ஸில் லைசின் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். டிஆர்என்ஏவை லைசினோடு பிணைக்கும் எஸ்டர் பிணைப்பு காரத்தில் சட்டென்று உடையும். வந்த அன்றே சிறு சிறு குழாயாகப் பிரித்து மைனஸ் 70-இல் வையுங்கள். ஐஸில் உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். நம்ம ஊர் கரண்ட்டை நம்பி சாதா ஃப்ரீசரில் போட்டால் அவ்வளவுதான். வினைக் குழாய்க்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

வெண்ணாறு:
லைசின் 5 தான். ஒரே இடத்தில் மட்டும் சாயம் வைக்க வழி உண்டா?

குடமுருட்டி:
உண்டு, ஆனால் இந்த லைசேட்டில் வேண்டாம். யூகேரியோட் (கருவுள்ள செல்) வெளியீட்டுக் காரணி, அதாவது முடிந்த புரதத்தை விடுவிப்பது, ஒன்றே மூன்று ஸ்டாப் கோடானையும் (புரதம் முடிகிற குறி) பிடிக்கும், உங்கள் டிஆர்என்ஏவோடு போட்டிக்கு நிற்கும். ஆர்எஃப்1 (டிஏஜியைப் பிடிக்கும் பாக்டீரியா வெளியீட்டுக் காரணி) நீக்கிய பியூர் சிஸ்டத்தில் (சுத்திகரித்த பாகங்களைச் சேர்த்துப் புரதம் செய்வது), வேண்டிய இடத்தில் டிஏஜி என்ற ஸ்டாப் வைத்து, சாயமேற்றிய சப்ரெஸர் டிஆர்என்ஏ (ஸ்டாப்பில் நிற்காமல் அமினோ அமிலம் சேர்ப்பது) சேர்க்கலாம். ஜீனின் சொந்த ஸ்டாப் டிஏஏவாகவோ டிஜிஏவாகவோ இருக்கட்டும். டிஏஜி என்றால் அங்கேயும் சாயம் ஏறிப் புரதம் நீண்டுவிடும்.