கார் ஏசி போட்டா பியூஸ் போகுது, தெரிஞ்சாக்கள் உடன சொல்லுங்க

களுதாவளையான்:
வணக்கம். ஏசி போட்டு கொஞ்ச தூரம் ஓடினா பியூஸ் போயிடுது. புதுசு போட்டாலும் மறுகா போகுது. கராஜில ரிலே (ஏசிக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) மாத்தித் தந்தாங்க, அப்பவும் அதே கதைதான். இந்தக் கச்சான் காத்துக்குக் கண்ணாடிய இறக்கிப்போட்டு ஓட ஏலாது. அம்மாவ மட்டக்களப்புக்கு கிளினிக் கொண்டு போகணும். எங்க வயர் முட்டி சோட் ஆகுதெண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

ஏறாவூர் வயரிங்:
தம்பி, என்ன கார், எந்த வருசம்? போனது எத்தின ஆம்பியர் பியூஸ்? டேஷ்போட்டுக்குக் கீழ இருக்கிறதா, போனட்டுக்குள்ள இருக்கிறதா?

வாழைச்சேனை ரைடர்:
ஏசி கேஸ் கூடிப்போனா இப்படித்தான் ஆகும். கேஸ அமுக்குற கம்ப்ரசர் இறுகும், கரண்ட் கூட இழுக்கும், பியூஸ் போகும். கேஸ கொஞ்சம் இறக்கிப் பாருங்க.

ஓம் விதி:
கேஸுக்கும் இந்த பியூஸுக்கும் சம்பந்தமே இல்ல. கம்ப்ரசரச் சுத்துறது எஞ்சின் பெல்ட். பியூஸ் வழியாப் போற கரண்ட் கிளச் கொயிலுக்கு, அதாவது கம்ப்ரசர பெல்டோட சேக்கிற காந்தச் சுருளுக்கு மட்டும்தான். கொயில் 3.6 ஓம் எண்டா 12 வோல்டுக்கு 3.3 ஆம்பியர்தான் இழுக்கும், கேஸ் கூடினாலும் குறைஞ்சாலும் அதேதான். கேஸ் அழுத்தம் எல்லை மீறினா பிரஷர் சுவிட்ச் கிளச்ச நிப்பாட்டும். சாதாரண தரத்தில படிச்ச விஞ்ஞானத்த ஒருக்கா திருப்பிப் பாத்திட்டு வந்து பதில் எழுதுங்க.

வாழைச்சேனை ரைடர்:
சில கார்ல கண்டென்சர் பேனும் (ஏசி கேஸ ஆத்துற பேன்) அதே பியூஸில வரும். கேஸ் கூடினா பேன் நிக்காம ஓடும். பேன் மோட்டர் பழசெண்டா கூட இழுக்காதா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

ஏறாவூர் வயரிங்:
அது நியாயமான கேள்வி. அதுக்குத்தான் என்ன காரெண்டு முதல்ல கேட்டன். தம்பி எங்க?

களுதாவளையான்:
ஆல்ட்டோ, 2014. 10 ஆம்பியர், போனட்டுக்குள்ள. பேனுக்கு வேற பியூஸ், அது நல்லாத்தான் இருக்கு.

அக்கரைப்பற்று மச்சான்:
20 ஆம்பியர் ஒண்டப் போட்டு ஓடுங்க மச்சான். நான் அப்படித்தான் ஓடுறன்.

ஏறாவூர் வயரிங்:
அந்த வேலைய மட்டும் செய்யவே வேணாம். பியூஸ் காக்கிறது வயர. 10 ஆம்பியருக்கு எண்டு போட்ட மெல்லிய வயரில 20 ஓடினா, பியூஸ் போக முந்தி வயர் உருகும், பக்கத்து வயரையும் சேத்துப் பிடிக்கும். போன பியூஸில சிகரெட் பெட்டி வெள்ளிப் பேப்பர் சுத்திப் போடுறதும் அதேதான். அம்மாவ ஏத்திக்கொண்டு போற கார் தம்பி, தயவு செய்து கேளுங்க.

அக்கரைப்பற்று மச்சான்:
எனக்கு ஒண்டும் ஆகல்லயே நானா.

கொழும்பில் இருந்து:
ஏன் சிரமப்படுறீங்க, கொழும்புக்குக் கொண்டு வாங்க. உங்கட பக்கம் இதெல்லாம் ஒழுங்காப் பாக்க ஆள் இல்ல.

சாய்ந்தமருது ஓட்டோ:
யார் சொன்ன ஆள் இல்லயெண்டு? எங்கட பொடியன்மார் முழு வயரிங்கையும் கழட்டித் திருப்பிக் கட்டுறாங்க. ஒரு பியூஸுக்காக ஏ4 ரோட்டில மொனராகல, ரத்தினபுரி எல்லாம் கடந்து கொழும்புக்குப் போகணுமா? கல்முனையில கேட்டுப் பாருங்க, ஏறாவூரில கேட்டுப் பாருங்க.

கொழும்பில் இருந்து:
மெஷின் வச்சுப் பாக்கிற இடம் எத்தின இருக்கு?

சாய்ந்தமருது ஓட்டோ:
சோட் பாக்க மெஷின் எதுக்கு? மீட்டரும் ஒரு பல்பும் போதும்.

ஏறாவூர் வயரிங்:
சண்டைய விடுங்க. தம்பி, நிப்பாட்டி வச்சு ஏசி போட்டா பியூஸ் போகுதா, ஓடும்போது மட்டும் போகுதா?

களுதாவளையான்:
நிப்பாட்டி வச்சா போகாது நானா. பள்ளத்தில விழுந்தா உடன போகுது.

ஏறாவூர் வயரிங்:
இத முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். கொயில் உள்ளுக்க எரிஞ்சிருந்தா நிக்கிற இடத்திலயும் போகும், சூடாகினாப் பிறகாவது போகும். பள்ளத்தில மட்டும் போகுதெண்டா எங்கயோ வயர் உரசி காரின்ட பொடியில (இரும்பில) முட்டுது. இப்படிச் செய்யுங்க. எஞ்சின் நிண்டிருக்கணும். கம்ப்ரசருக்குப் போற பிளக்கக் கழட்டுங்க. ரிலேயக் கழட்டி அந்த சொக்கட்டில 30, 87 எண்ட நம்பர் முனை ரெண்டுக்கும் இடையில ஒரு வயர் குடுங்க. பியூஸ் இருந்த இடத்தில 21 வாட் பிரேக் பல்ப் ஒண்ட வயர் வச்சுக் கொழுவுங்க. சாவியப் போட்டா பல்ப் எரியக் கூடாது. இனி ரிலே பெட்டியில இருந்து கம்ப்ரசர் வரைக்கும் வயரச் சாண் சாணா அசைச்சிட்டு வாங்க. எந்த இடத்தில பல்ப் பத்துதோ அங்கதான் சோட்.

ஓம் விதி:
முறை சரி. ஆனா பிளக்கக் கழட்ட மறந்தா கொயில் வழியாவே பல்ப் எரியும், சோட் எண்டு நினைச்சு நல்ல வயர வெட்டுவாங்க. கழட்டின கையோட கொயிலையும் மீட்டரில பாருங்க. மூண்டு நாலு ஓம் காட்டணும். ரெண்டு வயர் பிளக் எண்டா, பிளக்குக்கும் கம்ப்ரசர் பொடிக்கும் இடையில வச்சா ஒண்டும் காட்டக் கூடாது. ஒற்றை வயர் பிளக் எண்டா பொடிதான் எர்த் (கரண்ட் திரும்புற வழி), அதே மூண்டு நாலு ஓம் வரும். இதையும் எழுதாட்டி யாரும் பாக்க மாட்டாங்க.

வாழைச்சேனை ரைடர்:
எலி கடிச்சதாவும் இருக்கும். வீட்டுப் பக்கம் வயல் எண்டா போனட்டத் திறந்து பாருங்க.

களுதாவளையான்:
கிடைச்சிட்டு. கம்ப்ரசர் பிராக்கெட் விளிம்பில உரசி செம்பு தெரியுது. வயர் மாத்தியாச்சு. பியூஸ் போகல்ல. நன்றி நானா.

ஏறாவூர் வயரிங்:
சந்தோசம் தம்பி. அந்த வயரப் பிடிச்சிருந்த கிளிப் இருக்கா? அது இல்லாட்டி புது வயரும் அதே விளிம்புக்குத்தான் வரும். நெளிகுழாய் போட்டு, பெல்டுக்கும் புகைக் குழாய்க்கும் எட்டவாக் கட்டுங்க.

பொத்துவில் அக்வா:
எனக்கும் ஏசி வேல செய்யல்ல. அக்வா ஹைபிரிட். நானும் இந்த பல்ப் முறையப் பாக்கலாமா?

ஏறாவூர் வயரிங்:
வேணாம். அதில கம்ப்ரசர் பெல்டில ஓடுறதில்ல, ஹைபிரிட் பெட்டரியின்ட உயர் வோல்டில ஓடுது. செம்மஞ்சள் வயர் ஒண்டையும் தொடாதீங்க. ஹைபிரிட் வேலை பழகின ஆளிட்ட குடுங்க.