கடை வேலையை வெளியாளிடம் கொடுப்பதா, சம்பளத்துக்கு ஆள் வைப்பதா?

டிக்கோயா_ஓடை: இலங்கையில் ஹட்டன் டவுனில் தேயிலையும் வாசனைச் சரக்கும் பக்கெட் போட்டு விற்கிறோம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே வெசாக்கோடு முடியும். எங்க யாவாரத்தில் பெரும்பங்கு அதற்குள்தான். ஃபேஸ்புக் பக்கம், பக்கெட் டிசைன், மாதக் கணக்கு, வாட்ஸ்அப் ஓடர் எல்லாவற்றுக்கும் நானும் வீட்டுக்காரியும்தான். 50,000 சம்பளத்தில் ஒரு பிள்ளையை எடுக்கவா, ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கவா?

ஊவாக்காற்று: பிரித்துக் கொடுங்க அண்ணே. 50,000 சம்பளம் போக, ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அதில் 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3% நீங்க கட்டணும். அதுவே 7,500. ஜூனிலிருந்து நவம்பர் வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பீங்க? எல்ல ஊரில் எங்க தங்குமிடத்துக்குப் படம், விளம்பரம், இணையதளம் எல்லாமே வெளியாட்கள்தான் செய்றாங்க. வேலை முடிஞ்சா காசு.

கொழுந்துக்கூடை: இதைத்தானே தேயிலைத் தோட்டத்தில் கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்று நமக்குக் கொடுத்தாங்க? கைக்காசுக்குக் கொழுந்து பறிச்ச நாளுக்கெல்லாம் எங்கம்மாவுக்கு சேமலாப நிதி விழல. 55 வயசில் காசை எடுக்கப் போனப்பதான் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. இப்ப நம்ம ஆட்களே கடை போட்டு, நம்ம பிள்ளைகளுக்கு அதையே செய்யணுமா?

ஊவாக்காற்று: கோபம் புரியுது. ஆனா நான் மூணு பேருக்கு வேலை கொடுக்கிறேன். சம்பளத்துக்கு எடுத்தா ஒருத்தருக்குத்தான் கொடுக்க முடியும்.

லிந்துலை_பிள்ளை: நான் டிசைன் வேலை செய்கிறவள், வீட்டிலிருந்தே. ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் எடுத்தால் 20% தளத்துக்குப் போகும். ஹட்டன் கடைக்காரர் நேரடியாகக் கொடுத்தால் முழுசும் என் கணக்குக்கு வரும், கொழும்புக்குப் போய் போர்டிங்கில் இருக்கவும் தேவையில்லை. கூடை அண்ணா, இதைக் கொந்தரப்போடு சேர்க்காதீங்க. எனக்கு ஒரே நேரத்தில் நாலு வாடிக்கையாளர், விலையை நான்தான் சொல்றேன். தோட்டத்தில் யார் விலை சொன்னாங்க? ஆனா ஊவா அண்ணே, “வேலை முடிஞ்சா காசு” என்பது எங்களுக்குச் சரிவராது. முடிஞ்ச பிறகு போனை எடுக்காதவங்களையும் பார்த்திருக்கிறேன். பாதி முன்பணம் இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

பழைய_கணக்கர்: தம்பி, நாலு வேலையையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்காதீங்க. பக்கெட் டிசைன் ஒரு தடவை வேலை, தாராளமாக வெளியே கொடுங்க. ஆனால் எழுதி வாங்குங்க. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி சம்பள ஆள் வேலையில் வரைந்தது முதலாளிக்குச் சேரும். வெளியாள் வரைந்தது கையொப்பமிட்டு மாற்றித் தரும்வரை அவருடையதுதான். காசு கொடுத்தது மட்டும் போதாது, மூலக் கோப்பும் கேட்டு வாங்குங்க. மாதக் கணக்கையும் வெளியே கொடுக்கலாம், பில் கட்டுகள் கடையில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் ஓடர் அப்படியில்லை. காலை எட்டிலிருந்து மாலை வரை உங்க சொல்படி, உங்க போனில், தினமும் பதில் சொல்கிறவர் ஊழியர்தான். காகிதத்தில் ஃப்ரீலான்ஸ் என்று எழுதினாலும் தொழில் திணைக்களம் வேலையின் தன்மையைத்தான் பார்க்கும். வாடிக்கையாளர் நம்பர்கள் முழுவதும் அந்தப் போனில்தான் இருக்கு, அதைத் தெரியாத ஆளிடம் கொடுத்துவிட்டு எப்படித் தூங்குவீங்க?

ஊவாக்காற்று: ஐயா சொல்றது பெரிய கடைக்குச் சரி. சின்னக் கடை அந்த 7,500ஐ எங்கே தேடும்?

கொழுந்துக்கூடை: தேட முடியாட்டி அரை நாளுக்கு ஆள் எடுங்க. அரை நாள் சம்பளத்துக்கும் சேமலாப நிதி உண்டு, தொகைதான் குறையும். பிள்ளையோட பங்கைக் குறைச்சு யாவாரம் நடத்துறதை நான் ஏத்துக்கவே மாட்டேன்.

டிக்கோயா_ஓடை: கணக்கர் ஐயா சொன்னபடி பிரிக்கிறேன். ஓடருக்கு நம்ம பகுதிப் பிள்ளை ஒன்று, டிசம்பர்–மே முழு நாள், மற்ற மாதம் அரை நாள், நிதி கட்டித்தான். ஃபேஸ்புக் பக்கப் பாஸ்வேர்டும் எங்களிடமே இருக்கும். லிந்துலை தங்கச்சி, ஐந்து வகைப் பக்கெட்டுக்கு டிசைன் வேணும், டிசம்பர் போயாவுக்கு முன்னே அச்சுக்குப் போகணும். மூலக் கோப்பையும் சேர்த்து விலை சொல்லுங்க, பாதியை முதலிலேயே போடுகிறேன்.